என் மூன்றாம் இடத்தைப் பறித்த இன்டேக் போர்ட்

பைக் ரேஸ் முடிந்ததும் வண்டிகளைச் சோதிக்கும் டெக்னிகல் ஆபீசர் முதலில் அளவுகோல் எதையும் எடுக்கவில்லை. என் எஞ்சினிலிருந்து கழற்றி வைத்திருந்த சிலிண்டர் ஹெட்டைக் கையில் தூக்கினார். எஞ்சினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக் போர்ட்டுக்குள் சுண்டுவிரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். பல்லில் சொத்தை விழுந்திருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அப்புறம் கண்ணைத் திறந்து, "தம்பி, இது காஸ்டிங் இல்ல. கை பட்டிருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "நீங்களே பாருங்க" என்று ஹெட்டை என் பக்கம் நீட்டினார். வெளிப்பக்கத்தில் அலுமினிய வார்ப்புக்கே உரிய சொரசொரப்பு இருந்தது. விரலை உள்ளே விட்டால் எவர்சில்வர் டம்ளரின் உட்புறம் மாதிரி வழவழ. போர்ட் வளைந்து வால்வுப் பக்கம் இறங்கும் இடத்தில் ஒரு சின்ன முதுகு இருக்க வேண்டும். அதைக் காணோம். யாரோ பொறுமையாக உட்கார்ந்து அரைத்து எடுத்திருக்கிறார்கள்.

அதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் நான் மேடையில் மூன்றாம் படியில் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. அப்பாவுக்குப் படம் கூட அனுப்பிவிட்டேன்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஷிஃப்டில் கையில் வெர்னியர், மாலையில் துளை அளக்கும் பிளக் கேஜ். அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒரு லாட் முழுவதையும் ரிஜெக்ட் செய்து சிவப்புத் தொட்டியில் போடுகிறவன். அப்படிப்பட்டவன், காசு கொடுத்து வாங்கிய சொந்த பைக்கின் ஹெட்டுக்குள் ஒரு தடவை கூட விரல் விட்டுப் பார்க்கவில்லை.

அந்த பைக்கை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஏற்கனவே ரேஸ் ஓடிய 150 சிசி வண்டி. லைட், இண்டிகேட்டர் எல்லாம் கழற்றி, ஃபேரிங் மாற்றி, காலைப் பின்னால் தள்ளி வைக்க ரியர்செட் போட்டுத் தயாராக நின்றது. புதிதாக வாங்கி இதையெல்லாம் செய்ய எனக்கு வசதி இல்லை. விற்றவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஹெட்டு சூப்பரா இருக்கு, அதைத் தொடவே வேணாம்." அதை நான் உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது எச்சரிக்கை.

வாங்கியதும் ஆயில், பிரேக் பேடு, செயின், டயர் என்று வெளியே தெரிவதையெல்லாம் மாற்றினேன். இருங்காட்டுக்கோட்டையில் ரெண்டு மூன்று பிராக்டிஸ் நாட்கள். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் 1990-லிருந்து இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நீளமான ஸ்ட்ரெய்ட்டில் என் வண்டி மற்ற 150-களைவிட ஒரு மயிரிழை வேகமாக இழுப்பது போல இருந்தது. நான் எடை குறைவு, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் அடி சனிக்கிழமை காலையே விழுந்தது. ரேஸுக்கு முந்தைய வண்டிச் சோதனையான ஸ்க்ரூட்டினியில் பொதுவாகப் பாதுகாப்புதான் பார்ப்பார்கள். ஆயில் டிரெயின் போல்ட்டில் கம்பி கட்டியிருக்கிறதா, த்ராட்டில் விட்டால் தானே மூடுகிறதா, ஹெல்மெட் எந்தத் தரச்சான்று, இப்படி. அன்றைக்கு ஒருவர் டேங்கைத் தூக்கச் சொல்லி, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர்பாக்ஸைப் பார்த்தார். அதன் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் மூக்குக்குழாய், ஸ்நார்க்கல் என்பார்கள், அது இல்லை. அது நானே செய்த வேலை. "அதைக் கழட்டு, வண்டி மூச்சு விடும்" என்று ரேஸ் வண்டிகள் நிற்கும் பேடாக்கில் யாரோ சொன்னதைக் கேட்டு, முந்தின வாரம் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஃபில்டர் மாத்தலாம்னு தானே சார் போட்டிருக்கு?" என்றேன்.

"ஃபில்டர் மாத்தலாம்னு போட்டிருக்கு. ஸ்நார்க்கலைக் கழட்டலாம்னு எங்க போட்டிருக்கு?"

பதில் இல்லை. நான் விதிப்புத்தகத்தைத் தடைகளின் பட்டியலாகப் படித்திருந்தேன். ஸ்நார்க்கலைக் கழற்றக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை, எனவே கழற்றலாம் என்பது என் கணக்கு. நான் ஓடியது ஸ்டாக் பிரிவு, கம்பெனி வண்டியைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் பிரிவு. அதன் விதிகளை அப்படிப் படிக்கவே கூடாது. அது அனுமதிகளின் பட்டியல். இதைச் செய்யலாம் என்று எழுதியிருந்தால் செய்யலாம். எழுதவில்லை என்றால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். உலக அளவில் சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் நடத்தும் ரேஸ்களின் விதிகளிலும், அனுமதித்துச் சொல்லப்படாத எல்லாமே கண்டிப்பாகத் தடை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் அந்த வரியைக் கடந்து நேராகப் பக்க எண் தேடிப் போனவன்.

மணி எட்டரை. வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அப்போதுதான் வேடிக்கை பார்க்க வந்த ஆபீஸ் நண்பன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுடையதும் அதே மாடல் வண்டி, பார்க்கிங்கில் நின்றது. அவன் கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சாவியை வாங்கி, சீட்டையும் டேங்கையும் கழற்றி, ஸ்நார்க்கலை உருவி என் வண்டியில் மாட்டினேன். பாவம், சாயங்காலம் பூந்தமல்லி வரைக்கும் அவன் பைக் உறுமிக்கொண்டே போனது. "மச்சான், சவுண்டு செமயா இருக்குடா, இப்படியே விட்டுடு" என்று போன் செய்தான். சாலையில் அது வேறு வழக்கு, திருப்பி மாட்டிவிட்டேன்.

அத்தோடு இன்டேக் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகளையும், ரேஸ் ஓடிய வண்டிகளைக் காவலில் வைக்கும் பார்க் ஃபெர்மேயில் நிறுத்திவிட்டு, "ஹெட்டைத் திறங்க" என்றார்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. திறப்பது நம் வேலை, அவர்கள் வேலை இல்லை. நம் மெக்கானிக்தான் கழற்ற வேண்டும். கேஸ்கெட் செட், டார்க் ரெஞ்ச், கூலன்ட் பிடிக்க ஒரு தட்டு, இதெல்லாம் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது வருவேன் என்று கனவிலும் நினைக்காததால் என்னிடம் கேஸ்கெட்டும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பக்கத்துப் பிட்டில் இருந்த அண்ணன் ஒருவர் வந்து திறந்து கொடுத்தார். அவர் ஹெட்டைத் தூக்கியதுமே உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையில் எனக்கு வயிறு கலங்கியது.

விரல் சோதனைக்கு அப்புறம் கேஜ் வந்தது. காற்றை அளந்து உள்ளே விடும் த்ராட்டில் பாடிக்கு பிளக் கேஜ் போட்டார். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. சரியாகவே இருந்தது. வால்வு விட்டம் சரி. கேம் வால்வைத் தூக்கும் உயரமான லிஃப்ட் சரி. போர்ட் மட்டும்தான். எங்கள் பிரிவின் விதியில் அந்த இடம் ரொம்பத் தெளிவு: இன்டேக் போர்ட்டில் உலோகத்தைச் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது, பாலிஷ் கூடாது. நான் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். "நம்புறேன் தம்பி. ஆனா வண்டி உங்க பேர்ல தான் வந்திருக்கு" என்றார். பைக் விதிக்கு உட்பட்டதா என்பதற்கு ஓட்டுபவர்தான் பொறுப்பு என்று என்ட்ரி படிவத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கோப்பையை நாலாவது வந்த பையனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லூரி மாணவன். வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டான். "அண்ணா, உங்களை நான் கடைசி லேப்ல பிடிச்சிருப்பேன்" என்றான். பிடித்திருக்கலாம்.

ஒரு போர்ட்டை அரைத்ததற்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை உறிஞ்சும். 150 சிசி வண்டி 10,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 5,000 தடவை. முழுசாக நிரம்பினால் 750 லிட்டர் காற்று. மொட்டைமாடியில் நிற்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஒவ்வொரு நிமிடமும் காலி செய்கிறது உங்கள் குட்டி எஞ்சின். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். எரிக்கக் காற்று வேண்டும். அதனால் ஒரு எஞ்சினின் கையைக் கட்ட நினைக்கும் யாரும் அதன் மூக்கைத்தான் பிடிப்பார்கள்.

உலக சூப்பர்பைக் ரேஸில் 2008-ல் ரெட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு 1200 சிசி வரை அனுமதித்தபோது, 1000 சிசி நாலு சிலிண்டர் வண்டிகளோடு சமன் செய்ய அவற்றின் காற்று வழியைச் சுருக்கும் 50 மில்லிமீட்டர் வளையம் மாட்டினார்கள். அந்த வளையம் இல்லாமல் 200 சிசி கூடுதலைக் கொடுத்திருக்க முடியாது. ஏமாற்ற நினைப்பவர்களும் அந்த இடத்தைத்தான் குறிவைப்பார்கள். பைக் இல்லை, கார்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1995-ல் ஸ்பெயினில் கேட்டலூனியா ராலியில் டொயோட்டா அணி, டர்போவின் 34 மில்லிமீட்டர் காற்றுத் தடுப்பு வளையம் நகர்ந்து பக்கவாட்டில் காற்றை விடுகிற மாதிரி ஒரு ஸ்பிரிங் ஏற்பாடு செய்திருந்தது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாட்டி இறுக்கினால்தான் வேலை செய்யும். அணிக்கு 12 மாதத் தடை. தண்டித்த எஃப்ஐஏ அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லியே அந்த வேலைப்பாட்டின் நேர்த்தியை வாய்விட்டுப் புகழ்ந்தார். எனக்குப் புகழ் எதுவும் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பின்னணியும் இருக்கிறது. சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்து மெக்கானிக்குகளுக்கு போர்ட்டிங், அதாவது போர்ட்டை அரைத்துச் செதுக்குவது, கௌரவமான கைத்தொழில். ஆர்எக்ஸ் 100 மாதிரியான ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினின் குணமே சிலிண்டரில் வெட்டிய ஜன்னல்களின் உயரத்தில்தான் இருக்கிறது. அரத்தைக் கையில் பிடித்து, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைக் கண்ணாலேயே கணித்து அரைத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் வேலை கற்ற தலைமுறைதான் இன்றைக்கும் புதுப்பேட்டை, ராயப்பேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கிறது. ரேஸ் வண்டி என்று சொல்லி ஹெட்டைக் கொடுத்தால் அரைக்காமல் திருப்பிக் கொடுப்பதை அவர்கள் பாதி வேலை என்றுதான் நினைப்பார்கள். எந்த கிளாஸ் என்று நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்கப் போவதில்லை. எனக்கு அந்தக் கைத்திறன் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஸ்டாக் பிரிவு இருப்பதே அந்தக் கைத்திறனை விலைக்கு வாங்க முடியாத என்னைப் போன்றவர்களுக்காகத்தான். அதில் ஒருவன் போர்ட் செய்தால் அடுத்த ரேஸுக்கு எல்லோரும் செய்ய வேண்டி வரும். அப்புறம் அது சம்பளக்காரன் ஓட்டுகிற பிரிவாக இருக்காது.

"இன்டேக்கில் கைவைக்கலாமா?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்தப் பிரிவு என்று தெரிந்தால்தான் பேசவே முடியும். எஃப்ஐஎம் முறையில் சூப்பர்பைக் என்றால் ஹெட்டைக் குடையலாம், வழவழப்பாக்கலாம், காற்று நுழையும் புனலான ஏர் ஃபனலை மாற்றலாம். அதே வண்டியை சூப்பர்ஸ்டாக்கில் இறக்கினால் ஏர்பாக்ஸ் கம்பெனி வடிவத்திலேயே இருக்க வேண்டும், ஹெட்டைத் தொடக் கூடாது. ஃபில்டர் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கிளப் ரேஸ்களிலும் இதே ஏணிதான், படிகள் மட்டும் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும். பிடுங்கிப்போட்ட ஏர்பாக்ஸுக்குப் பதில் கூம்பு ஃபில்டர் மாட்டிய வண்டி ஓப்பன் பிரிவில் சாதாரணம். ஸ்டாக்கில் அது ஸ்க்ரூட்டினி வாசலைத் தாண்டாது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு மாதம் நான் விதிப்புத்தகத்தைத் தொழிற்சாலை டிராயிங் படிப்பது போலப் படித்தேன். காற்று நுழையும் ஸ்நார்க்கல் வாயிலிருந்து வால்வு சீட் வரைக்கும் ஒரு கோடு இழுத்து, வழியில் வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே விதி எண்ணை எழுதினேன். ஸ்நார்க்கல், ஏர்பாக்ஸ், ஃபில்டர், ஏர்பாக்ஸுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய், த்ராட்டில் பாடி, அதை ஹெட்டோடு சேர்க்கும் மேனிஃபோல்டு ரப்பர், போர்ட், வால்வு சீட். விதி எண் கிடைக்காத பாகம் எதுவோ, அது கம்பெனி பாகமாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு தாள்தான் எனக்கு இதுவரை அதிகம் உதவியது. இப்போது பிட்டில் டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்தத் தாள் எழுதும்போதுதான் ரெண்டு இடங்கள் கண்ணில் பட்டன. யாரும் இன்டேக் என்று நினைக்காத இடங்கள். ஒன்று, மேனிஃபோல்டு ரப்பர். அதன் வாய்க்கும் ஹெட்டின் வாய்க்கும் நடுவில் ஒரு மெல்லிய படி இருக்கும். எமரித் தாள் போட்டு அதைச் சமன் செய்வது பழைய பழக்கம், அஞ்சு நிமிட வேலை. ஸ்டாக்கில் அதுவும் உலோகம் எடுத்த கணக்குதான். ரப்பரை மட்டும் தேய்த்திருந்தாலும் தப்பு தப்புதான். என்னுடையதும் தேய்ந்திருந்தது. புது ரப்பர் வாங்கி, பில்லையும் பை உறையோடு ஃபைலில் வைத்தேன்.

இன்னொன்று ஏஐஎஸ். புகை விதிக்காக எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் கொஞ்சம் சுத்தமான காற்றை அனுப்பும் ஏற்பாடு. அந்தக் காற்றை ஏர்பாக்ஸிலிருந்து ஒரு சின்னக் குழாய் வழியாக எடுக்கும். நிறைய பிரிவுகளில் இதைக் கழற்றி, ஹெட் பக்கம் தகடு வைத்து மூட அனுமதி உண்டு. எல்லோரும் ஹெட்டை மூடுவார்கள். ஏர்பாக்ஸில் அந்தக் குழாய் மாட்டியிருந்த மூக்கை மூட மறந்துவிடுவார்கள். அப்படி விட்டால் ஏர்பாக்ஸில் கூடுதலாக ஒரு ஓட்டை. ஸ்டாக் ஏர்பாக்ஸில் ஓட்டை போட்டவன் ஆகிவிடுவீர்கள், அதுவும் ஃபில்டருக்கு உட்பக்கமாக. தூசியும் நேராக உள்ளே போகும். ஒரு ரப்பர் மூடி, ஒரு கிளிப், முடிந்தது.

எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயைச் சிலர் ஏர்பாக்ஸிலிருந்து உருவித் தனிப் பாட்டிலில் விடுவார்கள். ஆயில் ஆவி உள்ளே போனால் பவர் குறையும் என்று காரணம் சொல்வார்கள். எஃப்ஐஎம் விதியில் பிரீதர் ஏர்பாக்ஸுக்குள்தான் போக வேண்டும், வெளியே திறந்திருக்கக் கூடாது. எஞ்சின் போய்விட்டால் ஆயில் டிராக்கில் கொட்டி, பின்னால் வருபவன் விழக் கூடாது என்பதற்காக. பவர் விஷயம் இல்லை, எலும்பு விஷயம். உங்கள் கிளப்பில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல் அந்தக் குழாயைத் தொடாதீர்கள்.

கேட்பது என்றதும் ஞாபகம் வருகிறது. பேடாக்கில் டீ கிளாஸோடு நிற்பவர்களிடம் கேட்பது கேட்பதே இல்லை. அங்கே எல்லோருக்கும் விதி தெரியும், யாரிடமும் புத்தகம் இருக்காது. சந்தேகம் வந்தால் ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னால், டெக்னிகல் பொறுப்பில் இருப்பவருக்கு எழுத்தில் கேளுங்கள். கேள்வியைப் பாகத்தின் படத்தோடு, அளவோடு அனுப்புங்கள். "ஏர் இன்டேக் மாற்றலாமா?" என்று கேட்டால் "விதியைப் பார்க்கவும்" என்றுதான் பதில் வரும். "இந்த ஃபில்டர் கம்பெனி ஃபில்டர் உட்காரும் அதே இடத்தில், அதே மூடியின் கீழ் உட்காருகிறது, ஏர்பாக்ஸில் வெட்டு இல்லை, இதை மாட்டலாமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும். எனக்கு வந்தது. பதிலைப் பிரின்ட் எடுத்து அதே ஃபைலில் வைத்தேன். சீசன் நடுவில் வரும் புல்லட்டின்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விதியை மாற்றும் வரி பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

அனுமதி இருக்கிறது என்பதற்காகச் செய்யவும் தேவையில்லை. எங்கள் பிரிவில் ஃபில்டரைக் கழற்றிவிட்டே ஓடலாம். அடுத்த சீசனில் ஒரு ரேஸுக்கு அப்படி ஓடினேன். எஞ்சினின் மின்னணு மூளையான ஈசியூ கம்பெனியுடையது, தொட முடியாது. அதற்குத் தெரிந்த கணக்கில்தான் பெட்ரோல் தெளிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அது போதாதென்று பயிற்சியில் ஒரு திருப்பத்தில் அகலமாகப் போய் மண்ணில் இறங்கி ஏறினேன். விழவில்லை, சந்தோஷப்பட்டேன். இருங்காட்டுக்கோட்டை மண் நல்ல நைசான மண். அடுத்த வாரம் எஞ்சின் புகை தள்ளியது. திறந்தால் சிலிண்டர் சுவரில் நகத்தால் கீறிய மாதிரி நெடுகக் கோடுகள். பிஸ்டன், போர் கிட், கேஸ்கெட், கூலி. விதிப்படி நூற்றுக்கு நூறு சரி. அதற்கு அப்புறம் ஃபில்டர் இல்லாமல் நான் ஸ்டார்ட் கூடச் செய்வதில்லை.

சரி, அந்த அரைத்த ஹெட் உண்மையிலேயே வேகம் கொடுத்ததா? அந்த ஆர்வம் எனக்குப் போகவே இல்லை. புது ஹெட் வாங்கினேன், மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. தெரிந்தவர் ஒருவரிடம் இருந்த, எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஒரே நாளில், ஒரே எஞ்சினில், ரெண்டு ஹெட்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டோம். 9,500 ஆர்பிஎம்முக்கு மேலே அரைத்த ஹெட் அரைக் குதிரைத் திறனுக்கும் கொஞ்சம் கீழே கூடுதலாகக் காட்டியது. அதற்குக் கீழே வர வர ரெண்டு கோடும் ஒன்றாகி, 8,000-க்குக் கீழே கம்பெனி ஹெட்டின் கோடு மேலே போய்விட்டது. காரணம் எளிது. போர்ட்டைப் பெரிதாக்கினால் அதில் ஓடும் காற்றின் வேகம் குறையும். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால்தானே தண்ணீர் தூரம் பாய்கிறது. எஞ்சின் உச்சத்தில் சுற்றும்போது அகல வழி நல்லது. மெதுவான திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது அதே அகலம் சோம்பேறித்தனம்.

புது ஹெட்டோடு போன அடுத்த பிராக்டிஸில் என் லேப் டைம் பழையதைவிட நாலில் ஒரு பங்கு வினாடி குறைந்தது. அதில் ஹெட்டின் பங்கு எவ்வளவு, பிரேக்கை இன்னும் பத்து மீட்டர் தள்ளிப் பிடிக்க நான் கற்றுக்கொண்டதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் ஸ்ட்ரெய்ட்டில் கிடைத்த அந்த மயிரிழையை நான் திருப்பங்களில் கொட்டிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் தெரிந்தது.

விற்றவரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் டீ சொல்லிவிட்டு, "தம்பி, எனக்கு வரும்போதே அது அப்படித்தான் இருந்துச்சு" என்றார். அவருக்கு முன்னால் ஓட்டியவர் அந்த வண்டியை ஓப்பன் பிரிவில் ஓட்டியிருக்கிறார். அங்கே அது குற்றமே இல்லை. வண்டி பிரிவு மாறியபோது ஹெட் கூடவே வந்துவிட்டது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. செகண்ட் ஹேண்ட் ரேஸ் வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முன்பு எந்தப் பிரிவில் ஓடியது என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் த்ராட்டில் பாடியைக் கழற்றி, போர்ட்டுக்குள் விரல் விடுங்கள். போன் சார்ஜர் மாதிரி செருகும் சின்ன எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வால்வு முதுகு வரைக்கும் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு சாலை வண்டியின் அதே போர்ட்டைப் பார்த்து ஒப்பிடுங்கள், ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எதுவும் சந்தேகமாகத் தெரியாது. விற்பவர் கழற்ற விடவில்லை என்றால் ஹெட் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

அரைத்த ஹெட் ரொம்ப நாள் வீட்டில் பால்கனிக் கதவுக்கு முட்டாகக் கிடந்தது. போன மாதம் ஒரு பையன் கேள்விப்பட்டு வந்தான். ஹெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, போர்ட்டுக்குள் விரல் விட்டு, "செம வேலைண்ணா" என்றான். விலை பேசினோம். காசை எடுக்கும்போதுதான் கேட்டான்.

"அண்ணா, இது லீகலா?"

"நீ எந்த கிளாஸ்?"

சொன்னான். விதிப்புத்தகம் இருக்கிறதா என்றேன். போனில் தேடினான், கிடைத்தது போன வருடத்துப் புத்தகம். காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அம்மாவுக்கு வருத்தம், கதவு மறுபடி அடித்துக்கொள்ளாது என்றாலும் வந்த பணம் போகிறதே என்று. அடுத்த ஞாயிறு அவன் இந்த வருடத்துப் புத்தகத்தின் ரெண்டு பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, ஒரு வரியின் கீழே பேனாவால் கோடு போட்டுக் கொண்டுவந்தான். உட்கார்ந்து சேர்ந்து படித்தோம். அவன் பிரிவில் போர்ட் செய்யலாம், வால்வு அளவு மட்டும் மாறக் கூடாது. வெர்னியரை எடுத்து வந்து வால்வுகளை அவன் முன்னாலேயே அளந்து காட்டினேன். ஹெட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் "போர்ட் செய்தது" என்று எழுதிக் கொடுத்தேன். பால்கனிக் கதவுக்கு இப்போது செங்கல்.